எந்த லூர் நல்லது? மயிலிட்டியில கேளுங்கோ

தெல்லிப்பழைச் சந்தியிலிருந்து கீரிமலைக் கடலுக்குச் சைக்கிளில் அரை மணித்தியாலம்கூட எடுக்காது. ஆனால் எங்கட ஊர்ப் பெடியள் தூண்டில் தடிக்கு ஒரு லூர் வாங்க வெளிக்கிட்டால், அவையின்ர மனம் நேரே அமெரிக்காவின் ஏதோ ஒரு ஏரிக்குப் போய்விடும். யூரியூப்பில் தொப்பி போட்ட ஒருவர் பளபளக்கிற வள்ளத்தில் நின்று, இந்த வருசத்தின் சிறந்த பாஸ் லூர் இதுதான் எண்டு சொல்லுவார். அதே லூரோ அதின்ர மலிவு நகலோ ஒன்லைனில் ஓடர் பண்ணி வீட்டுக்கு வந்துவிடும். பெட்டியைத் திறந்து படம் எடுத்து இன்ஸ்ரகிராமில் போட்டாச்சு. மீன் மட்டும் வரேல்லை.

மீன் வராததில் எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. கோவம் வாற இடம் வேற. எங்கட கடலில் எந்த மீன் எந்த மாதத்தில் எந்தக் கல்லடியில் எதைத் தின்னும் எண்டு அறிந்த மனிசர் இங்கேயிருந்து ஆறேழு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கினம். அவையிட்டப் போய்க் கேட்கலாம் என்ற எண்ணமே எங்கட ஆக்களுக்கு வாறேல்லை. ஏன் வாறேல்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரை கேட்கிறது. அதுக்கு முதல் லூரைப் பற்றிக் கொஞ்சம் கதைப்பம். விசயம் அங்கதான் தொடங்குது.

அந்த வீடியோக்களில் வாற பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். ஏரியிலும் குளத்திலும் நீர்த்தாவரங்களுக்கும் விழுந்து கிடக்கிற மரக்கட்டைகளுக்கும் இடையில் பதுங்கி நின்று இரை பிடிக்கும். 1968இல் ரே ஸ்கொட் என்பவர் பாஸ் தூண்டில்காரருக்கு ஒரு சங்கம் தொடங்கிப் பரிசுப் போட்டிகளை நடத்தினார். அதுக்குப் பிறகு அந்த ஒரு மீனைச் சுற்றி வள்ளம், தடி, ரீல், லூர் எண்டு பெரிய தொழில் வளர்ந்தது. நாங்கள் பார்க்கிற வீடியோக்களில் முக்கால்வாசி அந்தத் தொழிலின் விளம்பரம். அந்த லூர்களில் பிழை இல்லை. அந்த ஏரிக்கும் அந்த மீனுக்கும் அவை சரி. கீரிமலைக்குக் கொண்டுவந்தால்தான் சிக்கல்.

முதலாவது, ஆழம். கட்டிப் பிளாஸ்ரிக் லூரின் முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற தகட்டைப் பாருங்கோ. அதின்ர நீளமும் சரிவும்தான் லூர் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும். நீளமாய்ப் படுத்திருக்கிற தகடு லூரைக் கீழே இழுக்கும். கட்டையாய் நிமிர்ந்து நிற்கிற தகடு மேல்மட்டத்தில் நீந்த விடும். ஐந்தாறு மீற்றர் இறங்கிற லூர் ஆழமான ஏரிக்கு நல்லது. எங்கட வடகரை சுண்ணாம்புக்கல். கரையோரம் ஆழம் குறைவு. அடியில் கல்லும் முருகையும். கரையில் நின்று அந்த லூரை எறிந்தால் இரண்டாவது இழுவையிலேயே கல்லில் கொழுவும், தங்கூசி அறும். பிளாஸ்ரிக் உடம்பும் இரண்டு மும்முள்ளும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் குளிக்கிற தண்ணிக்குள்ள கிடக்கும்.

இரண்டாவது, உப்பு. தண்ணிக்குள்ள மிதக்காமலும் தாழாமலும் அந்தரத்தில் நிற்கிற மாதிரிச் செய்த லூர்கள் இருக்கு. இழுவையை நிறுத்தினால் அப்படியே நிற்கும். மீன் வந்து கவ்வும். அதின்ர எடையை நன்னீருக்குக் கணக்குப் பார்த்துத்தான் வைச்சிருப்பினம். கடல்நீர் நன்னீரை விட ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி கூடினது. அதால அதே லூர் கடலில் மெல்ல மேலே எழும்பும். காசைக் கூடக் குடுத்து வாங்கினதே அந்தரத்தில் நிற்கிற குணத்துக்காக. அந்தக் குணம் கடலுக்குள்ள இறங்கின உடனேயே போயிடுது.

மூன்றாவது, முள். பாஸ் லூர்களில் வாறவை பெரும்பாலும் மெல்லிய முள்ளுகள். நன்னீர் மீனின் வாயில் சுகமாய் ஏறத்தான் அந்த மெல்லிசு. உப்புத் தண்ணி கொஞ்ச நாளிலேயே அதைத் துருப்பிடிக்கப் பண்ணும். ஒரு நல்ல பாரை பிடிச்சு ஓடினால் முள் நிமிர்ந்து போகும், முள்ளைப் பிடிச்சிருக்கிற வளையம் விரியும். சீலாவின் பல்லுக்கு முன்னால் மெல்லிய தங்கூசி நிக்காது. லூருக்கு முன்னால் ஒரு சாண் கம்பியோ தடித்த தங்கூசியோ வேணும். இது எதையும் அந்தத் தொப்பிக்காரர் சொல்லார். அவருக்குப் பாரையும் இல்லை, சீலாவும் இல்லை.

நாலாவது, நிறம். கடைத் தட்டில் கண்ணைப் பறிக்கிற சிவப்பும் செம்மஞ்சளும் வாங்கிறவரின் கண்ணுக்குப் பூசினவை. தண்ணிக்குள்ள முதலில் மங்கிற நிறம் சிவப்பு. சில மீற்றர் இறங்கினாலே அது கறுப்பாய்த்தான் தெரியும். தெளிந்த தண்ணியில் சூடை மாதிரி வெள்ளி மின்னலும், கலங்கின தண்ணியில் நிழல் நல்லாய்த் தெரிகிற கரு நிறமும் எண்டு இரண்டு வைச்சிருந்தால் போதும். இருபது நிறம் வேண்டுமெண்டால் அது லூர் விக்கிறவரின் தேவை.

அப்ப வடகரையில் நிற்கிற ஒருவருக்கு எது பொருந்தும்? 9 தொடக்கம் 12 செ.மீ. வரை நீளமான, சூடை உருவத்தில் ஒல்லியான, மிதக்கிற, ஒரு மீற்றருக்கு மேல் இறங்காத லூர் ஒன்று. கடல் படுத்திருக்கிற விடியற்காலைக்கு மேற்பரப்பில் தண்ணியை அடிச்சுச் சத்தம் போடுகிற லூர் ஒன்று. இரண்டிலும் மும்முள்ளைக் கழற்றிவிட்டுத் துருப்பிடிக்காத தடித்த ஒற்றை முள். வாடைக் காத்து அடிக்கிற மாதங்களில் வடகரை கொந்தளிக்கும். அந்த நாளில் எந்த லூரும் சரிவராது, வீட்டில இருந்து முள்ளைத் தீட்டலாம். இவ்வளவுதான். இரண்டு லூர். மிச்சக் காசு கையில இருக்கும்.

எங்களுக்கும் ஒரு பாஸ் இருக்கு என்பதையும் சொல்லத்தான் வேணும். கொடுவா. ஆங்கிலத்தில் அதை ஆசியக் கடல் பாஸ் என்பினம். அவுஸ்திரேலியர் பரமுண்டி என்பினம். களப்பிலும் கழிமுகத்திலும் வளர்ந்து, முட்டையிட உப்புத் தண்ணிக்குப் போற மீன். இரையைக் கடிச்சுக் கிழிக்காது. வாயைத் திடீரெனத் திறந்து தண்ணியோடு சேர்த்து உறிஞ்சும். அதால லூரை ஒரே வேகத்தில் சுற்றாமல், இழுத்து, நிறுத்தி, இழுக்க வேணும். இன்னொரு விசயம் எல்லாருக்கும் தெரிய வேண்டியது. கொடுவா முதலில் ஆணாகவே முதிரும். சில வருசம் கழிச்சு, உடம்பு பெருத்த பிறகு பெண்ணாய் மாறும். ஆகவே படம் எடுத்துப் பெருமைப்படுகிற மிகப் பெரிய கொடுவா எல்லாம் அநேகமாய் முட்டை சுமக்கிற தாய். குயின்ஸ்லாந்தில் 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் 120 செ.மீ.க்குக் கூடினதையும் தண்ணிக்கே திருப்பி விட வேணும் எண்டு சட்டமே இருக்கு. எங்கட பெடியள் படத்துக்குத் தூக்கிப் பிடிக்கிறது எப்பவும் பெரிய மீனைத்தான்.

இதை எல்லாம் யார் சொல்லித் தரவேணும்? உப்பும் அடர்த்தியும் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் கீரிமலைக்கும் சேந்தாங்குளத்துக்கும் இடையில் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில பாரை எந்த நேரம் ஏறும், சோளகம் பிறந்தால் சூடை எந்தப் பக்கம் ஒதுங்கும், தண்ணி எந்த நிறத்துக்கு மாறினால் வலையைத் தூக்க வேணும் என்பதை எந்தப் புத்தகமும் எழுதேல்லை. மயிலிட்டி, ஊறணி, சேந்தாங்குளம், மாதகல் ஆக்களின் தலைக்குள்ள இருக்கு. தென்னசியில் இருக்கிற ஒருவரின் பேச்சை நாற்பது நிமிசம் பொறுமையாய்க் கேட்கிற நாங்கள், பக்கத்து ஊர்க் கடற்தொழிலாளியிட்ட நாலு நிமிசம் நிண்டு கேட்கிறேல்லை.

இதுக்குப் பெயர் சாதி. சுத்தி வளைச்சுச் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் மண் கொத்தினவனின் அறிவை விவசாயம் எண்டு மதிச்சம், கந்தோரில் எழுதினவனின் அறிவைப் படிப்பு எண்டு கும்பிட்டம், கடலில் போனவரின் அறிவை மட்டும் அறிவு எண்டு எண்ணவே இல்லை. கரையார், முக்குவர், திமிலர் எண்டு பெயர் வைச்சு, ஊரின் ஓரத்தில நிப்பாட்டி, மீனை மட்டும் சட்டிக்குள்ள எடுத்தம். கடல் அவைக்குச் சொந்த வருமானத்தைக் குடுத்தது. நிலம் வைச்சிருந்தவனிட்டக் கையேந்த அவைக்குத் தேவை இருக்கேல்லை. அதையும் சேர்த்துத்தான் உள்ளூர் மேட்டுக்குடி பொறுக்கேல்லை.

இப்ப அதே வேலைக்குப் புதுப் பெயர் வந்திருக்கு: அங்ளிங். ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்த அண்ணை கார்பன் தடியோடு காங்கேசன்துறையில் நின்றால் அது ஸ்போட்ஸ். அவருக்கு இருபது அடி தள்ளி, கையில தங்கூசியைச் சுற்றிக்கொண்டு நிற்கிற ஐயா செய்கிறது "அவையின்ர தொழில்". மீன் ஒன்று, கடல் ஒன்று, முள் ஒன்று. இரண்டு பேருக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம், ஒருவருக்கு மீன் வராட்டில் இரவுக்குப் பீட்சா ஓடர் பண்ணலாம் என்பது. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறின நாளில் எந்த அங்ளருக்கும் ஒன்றும் ஆகேல்லை. சின்ன எஞ்சின் பூட்டின வள்ளக்காரருக்குக் கடலே மூடினது மாதிரி ஆனது. இந்தியாவிலிருந்து வாற இழுவைமடிகள் இரவில் வலையை அறுத்துக்கொண்டு போனாலும் அப்படித்தான். அடிமடி இழுவையைத் தடுக்கிற சட்டம் 2017இல் இங்க நிறைவேறினது. அதுக்குப் பிறகும் படகுகள் வந்துகொண்டுதான் இருக்கு.

மயிலிட்டியின் கதையைத் தெல்லிப்பழையில் இருக்கிற நாங்கள் மறக்க ஏலாது. 1990 ஜூனில் அந்தச் சனம் எழும்பினது. ஊரும் துறைமுகமும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. இலங்கையின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்றில் வாழ்ந்த குடும்பங்கள் மல்லாகத்தில் கோணாப்புலம் முகாமிலும், சுன்னாகத்தில் சபாபதிப்பிள்ளை முகாமிலும் தகரத்துக்கும் கிடுகுக்கும் கீழ சீவிச்சினம். கடலிலிருந்து சில கிலோமீற்றர்தான் தூரம். ஆனால் போக ஏலாத தூரம். 2017 ஜூலையில், 27 வருசம் கழிச்சுத்தான் துறைமுகம் திரும்பக் கிடைச்சது.

அந்த 27 வருசத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. 1990இல் முகாமில் பிறந்த பிள்ளைக்குத் துறைமுகம் திறக்கேக்க வயது 27. தகப்பன் வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போய், இந்தக் கல், இந்த நீரோட்டம், இந்த மீன் எண்டு காட்ட வேண்டிய வயது முழுக்க முகாமில் கழிஞ்சு போச்சு. எங்கட பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படிச்சது, எங்கட தோட்டங்களில் கூலிக்கு வெங்காயம் கிண்டினது அந்தப் பிள்ளையள்தான். இப்ப அந்தக் கடலை முழுசாய் அறிந்து மிஞ்சியிருக்கிறது 1990க்கு முதல் தொழில் செய்தவை. கடைசி ஆக்களுக்கே ஐம்பது தாண்டிவிட்டது, கனபேர் போய்ச் சேர்ந்திட்டினம். அவையின்ர அறிவை எழுதி வைக்கவோ கேட்டு வைக்கவோ எங்களுக்கு இன்னும் எத்தனை வருசம் இருக்கு?

மறுப்புச் சொல்ல ஆக்கள் வருவினம். எங்கட கூட்டங்களில் கேட்ட மூன்று மறுப்புகளை எடுக்கிறம்.

ஒன்று: "அவை வலைக்காரர், லூர் அவைக்குத் தெரியாது." இது சரித்திரம் தெரியாத பேச்சு. கணவாய் பிடிக்கிற இறால் உருவப் பொய் இரையைத் தமிழ்க் கடற்கரைகளில் தொழிலாளரும் கையில எடுத்தவை. அதுவும் கட்டிப் பிளாஸ்ரிக் லூர்தான். உலகத்திலேயே பெயர் போன ரப்பாலா லூரை உருவாக்கினவர் யார் தெரியுமோ? பின்லாந்தில் வலையும் தூண்டிலும் போட்டுக் குடும்பம் பார்த்த லவுரி ரப்பாலா என்ற ஏழை மீனவர். ஏரியில் பெரிய மீன் ஒன்று கூட்டத்தை விட்டு விலகித் தள்ளாடிப் போற காயப்பட்ட குஞ்சைத்தான் துரத்துது என்பதை வள்ளத்தில் இருந்து கவனிச்சார். 1936இல் தக்கையைச் செருப்புத் தைக்கிற கத்தியால் செதுக்கி, சொக்லேற் சுற்றின வெள்ளித் தாளை ஒட்டி, படச்சுருளை உருக்கி மேல பூசி, அதே மாதிரித் தள்ளாடுகிற ஒரு பொய்க் குஞ்சைச் செய்தார். உயிர் இரைக்கு அலையாமல் கூட மீன் பிடிக்க வேணும் என்பதுதான் நோக்கம். 1962இல் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகையில் அதைப் பற்றிக் கட்டுரை வந்தது. மரிலின் மன்றோவின் படம் அட்டையில் இருந்த இதழ் அது. அதுக்குப் பிறகு பின்லாந்தால் செய்து முடிக்க ஏலாத அளவு ஓடர் குவிந்தது. ஆக இன்றைக்கு நாங்கள் பெருமையாய்த் தூக்கிக் காட்டுகிற பொருளின் மூளை, எங்கட ஊரில் பிறந்திருந்தால் நாங்கள் மதிச்சே இருக்காத ஒரு வலைக்காரரின் மூளை.

இரண்டு: "ஒரு பொழுதுபோக்குக்குள்ள ஏன் அரசியலைக் கொண்டு வாறியள்?" நாங்கள் கொண்டு வரேல்லை, அது ஏற்கெனவே அங்க இருக்கு. கரையில யார் நிற்கலாம், யாரைப் பார்த்து "தள்ளு" எண்டு சொல்லலாம், யாருடைய வலைக்கு மேலால லூரை எறியலாம் என்பதெல்லாம் பொழுதுபோக்காய் முடிவாகிற விசயங்கள் இல்லை. கரைவலை இழுக்கிற நேரத்தில் குறுக்கால லூர் எறிந்து, முள் வலையில கொழுவி, அதை எடுக்க வலையை வெட்டுகிற பெடியனுக்கு அது ஒரு சின்ன விபத்து. வலைக்காரருக்கு அது ஒரு நாள் சோறு.

மூன்று, எங்கட பக்கத்துத் தோழர்களிடமிருந்து வாறது: "பிளாஸ்ரிக்கே வேண்டாம், பழைய கைத்தூண்டிலுக்குத் திரும்புவம்." நல்ல மனசுதான், ஆனால் கடற்தொழிலாளரை அருங்காட்சியகத்தில வைக்கிற யோசினை. நைலோன் வந்த உடனை பருத்தி நூலை விட்டவை அவைதான். காரைநகரில் சீ-நோர் கண்ணாடியிழை வள்ளம் கட்டினபோது ஏறிப் போனவையும் அவைதான். புதுப் பொருளை எடை போட்டு எடுக்கத் தெரிந்த சமூகம் அது. பிளாஸ்ரிக்கைப் பற்றிப் பயம் இருந்தால் அது நியாயமான பயம். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து கரை முழுக்கப் பிளாஸ்ரிக் மணி ஒதுங்கினதை இந்தத் தீவு பார்த்தது. அந்தப் பயத்துக்கு வழி, கல்லில கொழுவித் தொலையாத லூரைத் தெரிவு செய்கிறதும், அறுந்த தங்கூசியைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு வாறதும். இழப்பு குறைய வேணுமெண்டால் கல் எங்க இருக்கு எண்டு தெரிய வேணும். திரும்பவும் அதே ஆளிட்டத்தான் போய் நிக்கிறம்.

அதால எங்கட கோரிக்கை இலகுவானது. லூர் வாங்கக் காசு சேர்க்கிறவை, ஓடர் பண்ண முதல் ஒரு விடியக்காலை மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போங்கோ. வள்ளம் கரைக்கு வாறதைப் பாருங்கோ. என்ன மீன், என்ன அளவு எண்டு கண்ணால் எடுங்கோ. மீன் வெட்டிக் குடுக்கிற அம்மாமாரிட்டப் பாரையின் வயித்துக்குள்ள என்ன இருந்தது எண்டு கேளுங்கோ. குடலுக்குள்ள இருந்த சூடை எவ்வளவு நீளமோ அதுதான் உங்கட லூரின் நீளம். எந்த யூரியூப்காரரும் இதை விடச் சரியாய்ச் சொல்ல ஏலாது. மூன்று பேர் சேர்ந்து ஒரு வள்ளத்துக்கு எண்ணெய்க் காசு குடுத்து, ஒரு அனுபவக்காரரோடு ஒரு நாள் போய் வாருங்கோ. இருபது லூர் வாங்கிற காசில் இது முடியும். அவர் கற்றுத் தாறதுக்குக் கூலி குடுங்கோ. ரியூசன் மாஸ்ரருக்குக் குடுக்கிறம்தானே. அவர் சம்மதித்தால் கல்லுகளின் பெயரையும் மீன்களின் பெயரையும் போனில் பதிவு செய்யுங்கோ. எங்களுக்கு அனுப்பினால் தொகுத்துத் திரும்ப அந்த ஊருக்கே குடுக்க நாங்கள் பொறுப்பெடுக்கிறம்.

இன்னொன்று. போற இடத்தில எப்படிக் கதைக்கிறியள் என்பதும் முக்கியம். உள்ளூரிலிருந்து போய், தகப்பன் வயது மனிசனை "நீ", "வா", "என்ன மீன் வைச்சிருக்கிறாய்" எண்டு கேட்கிற பழக்கம் எங்கட சனத்திட்ட இன்னும் சாகேல்லை. ஐயா எண்டு கூப்பிடுங்கோ. வயது குறைந்தவரை அண்ணை எண்டு கூப்பிடுங்கோ. "வாங்கோ", "சொல்லுங்கோ" எண்டு கதையுங்கோ. கொழும்பில் லூர் விக்கிற கடைக்காரருக்கு "சேர்" போடுகிற வாய்க்கு இது கஷ்டமான வேலை இல்லை. இதைச் செய்ய மனமில்லாதவை தடியை வித்துப் போட்டு வேற பொழுதுபோக்குப் பாருங்கோ.